முப்பத்தெட்டரை நாள்

அரை நாளை விடச் சொன்னார் கொம்பனியின் வழக்கறிஞர்,
முழு எண் என்றால் பேச இலகுவாம்.
நான் விடவில்லை.

அந்த அரை நாளை எனக்குத் தெரியும்.
மகனுக்கு அம்மாள் வருத்தம்.
பன்னிரண்டரைக்குக் கையெழுத்து வாங்கி
வேப்பிலை முறிக்க நின்ற இடத்தில்
போன் வந்தது:
கொள்கலன் வந்திட்டு, ஐஸ் கணக்கு இடிக்குது,
ஒருக்கா வந்திட்டுப் போங்கோ மிஸ்.
வேப்பிலையோடு திரும்பினேன்.
குளிர் அறைக் கதவில் செருகிய கொத்து
மீன் வாடைக்குள்
இரவு எட்டு மணி வரை பச்சையாய் இருந்தது.

கொட்பேயில் ஆலையை மூடவில்லை,
சுருக்குகிறோம் என்றார்கள்.
ஒக்டோபர் கடைசி வெள்ளி.
இருபத்திரண்டு உறை, ஒட்டியது நான்.
கடைசி உறையில் என் பெயர்.
நாக்கில் பசை இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

சம்பளம் வந்தது. சேமலாப நிதிப் படிவம் வந்தது.
லீவுக் காசு வரவில்லை.
எடுக்காத லீவு காலாவதி என்றார்கள்,
டின்மீனுக்குத் திகதி அடிக்கிறவர்கள்.

விசாரணைக்குக் கிண்ணியா பஸ்ஸில்
இரண்டு பிள்ளைகளோடு வந்தாள் ஜெஸீமா.
பாலையூற்று எமில்டா பார்த்தலோட்
பூசைக்கு உடுத்தும் கவுனில் வந்தா.
புவிராஜ் வரவில்லை, கட்டாருக்கு மெடிக்கலாம்.
மின்விசிறிக்குப் பயந்து
எல்லாக் கோப்புக்கும் மேல் கடற்கரைக் கல்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார் ஏக்கநாயக்க மேடம்,
ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் தொட்டுப் பார்த்து வைத்து.
கேட்டனான், தரேல்ல என்றாள் ஜெஸீமா.

அப்போதுதான் லீவுப் புத்தகம் மேசைக்கு வந்தது.
அதற்குப் பழுப்புத் தாள் உறை போட்டதும் நான்தான்.
முதல் வரியில்:
தன் விருப்பத்தின் பேரில் விடுமுறை எடுக்கவில்லை.
அதன் கீழே மேற்படி.
மேற்படி. மேற்படி.
ஜெஸீமா மேற்படி. எமில்டா மேற்படி.
பதினேழாம் வரியில் நான், மேற்படி.

இது யாருடைய எழுத்து?

றகரத்தின் கால் அடுத்த வரிக்குள் இறங்கியிருந்தது.
வேறு யாருடையது!
ஆறு மார்கழி,
தேத்தண்ணிக் கோப்பையைப் புத்தகத்தின் மேல் வைத்து
அந்த நிரலை நிரப்பிவிடுங்கோ என்பார் முகாமையாளர்.
நிரப்பினேன்.
கோப்பையின் வட்டம்கூட இருந்தது அந்தப் பக்கத்தில்.

அப்போ பொய்யாக எழுதினீங்களா?

ஓம் என்றால் நான் கள்ளக் கணக்குக்காரி.
இல்லையென்றால் இருபத்திரண்டு பேரும்
ஆசைப்பட்டு வேலைக்கு வந்தவர்கள்,
காய்ச்சலோடு வந்த எமில்டா உட்பட.

ஓம் என்றேன்.
ஜெஸீமா என்னைப் பார்க்கவில்லை.
சின்னவனின் சப்பாத்து நாடாவை
அவிழ்த்து, திரும்பக் கட்டினாள்.

அடுத்த தவணை ஒன்பதாம் திகதி.

பஸ் நிலையத்தில் மான் ஒன்று
சோற்றுப் பொட்டலத் தாளை மென்றுகொண்டிருந்தது.
மீன் பணிஸைப் பிய்த்துப் பாதி நீட்டினா எமில்டா.
என்ர எத்தினை நாள், சொல்லு பாப்பம்?
அறுபத்தொண்டு.
தெரியுதுதானே உனக்கு என்று
மற்றப் பாதியைத் தின்றா.
அது மன்னிப்பா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சீனக்குடா பஸ்ஸில் அழைப்பாணையைத் திருப்பி
பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
ஜெஸீமா: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கேட்டது.
புவிராஜ்: பத்திரகாளி தீர்த்தம், இரண்டு வருடமும்.
எமில்டா: தம்பியின் செத்தவீடு.
ஒரு மணித்தியாலம் கொடுத்தார்கள், அதையும் பிறகு கழித்தார்கள்,
கழித்தது நான்.
ஐஸ் அறை சறூக்: மகள் பிறந்த அன்று.
பஸ் குலுங்கக் குலுங்க
ஒவ்வொருவருக்கும் முழு வரி.

பதினெட்டுப் பேர் ஆனதும் பேனை எழுதவில்லை.
பக்கத்தில் இருந்த நேவிப் பெடியனிடம் கேட்டேன்.
அவனிடம் சிவப்பு மைதான் இருந்தது.