இடது கால் செருப்பு

கொம்போரி கணவாயில் ஏழாவது வளைவு
போன முறை லிலே
காலையில் தின்றதைத் திருப்பிக் கொடுத்த இடம்.
இந்த முறை பையோடு வந்திருந்தோம்.
பை வேலை செய்தது.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன
வந்துகொண்டே இருந்தன.
எண்ணத் தொடங்கிய ஷியோ
நூற்றுப் பன்னிரண்டில் பொறுமை இழந்து
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு
ஒயின் ஊருக்கா? என்றார்கள் திபிலிசியில்.
அங்கே அவர்களுக்கு என்ன இருக்கிறது?
நல்ல கேள்வி.
காரை ஓட்டுபவள் நான்.
எனக்கே அங்கே என்ன இருக்கிறது?

மல்காஸின் முற்றத்தில் சபெராவிக் கொடி.
சபெராவி என்றால் சாயம்.
தெரிந்தே இருவருக்கும்
வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டவளும் நான்தான்.
கால் மணி நேரத்தில்
இருவர் பல்லும் கறுத்தாயிற்று.
அறுவடைக்கு இன்னும் பத்து நாள்,
கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்றார் மல்காஸ்.

நிலவறையில் தரையெங்கும் வட்ட வாய்கள்.
கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்த க்வெவ்ரி ஜாடிகள்,
ஓர் ஆள் நின்றால் மறைந்துபோகும் ஆழம்.
போலந்துக்காரர்கள் ஆறு பேர்
கோப்பையைச் சுழற்றி, கண்ணை மூடி,
எதையோ எங்கோ வைத்தது நினைவுக்கு வந்ததுபோல்
தலையை ஆட்டினார்கள்.
நானும் முகர்ந்தேன்:
வால்நட் தோல், ஈரச் சுவர், கொஞ்சம் தேன்மெழுகு.
விலை மட்டும் கேட்டுவிட்டுத்
துணியை மடித்து வைக்கிறவளைப்போல
கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஷியோ
காலி ஜாடி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து
காலைத் தொங்கவிட்டு
"யார் அங்கே?" என்றான்.
"அங்கே" என்றது ஜாடி, தடித்த குரலில்.
பதில் போதாமல் இன்னும் குனிந்தான்.
காலரைப் பிடித்து இழுத்தேன்.
பையன் வந்தான்.
இடது கால் செருப்பு வரவில்லை.

சுழன்ற கோப்பைகள் எல்லாம் நின்றன.
நேற்றுதான் கழுவி முடித்த ஜாடி.
மூன்று நாள் வேலை.
மல்காஸ் திட்டவில்லை,
தன் தொப்பையைப் பார்த்தார்,
ஜாடியின் வாயைப் பார்த்தார்.
வழக்கமாக இறங்குகிற ஒல்லிப் பையன்
தெலாவியில், யாருடைய கல்யாணத்திலோ.

"நான் போகிறேன்."
காலையிலிருந்து வாயே திறக்காத லிலே.
ஒன்பது வயது. முழங்கால் இரண்டும் எலும்பு.

முதலில் கயிற்றில் மெழுகுவர்த்தி இறங்கியது.
அணையாமல் எரிந்தது.
அப்புறம் ஏணி.
அப்புறம் என் பெண்ணின் உச்சி வகிடு
சின்னதாகி, இன்னும் சின்னதாகி.

செருப்பு மேலே பறந்து வந்தது.
அவள் வரவில்லை.
நான் முட்டி போட்டுக் கூப்பிட்டேன்.
"அம்மா,
இங்கே எதுவும் ஆடவே இல்லை."

வளைவுகள் எல்லாம் அவளுக்குள்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தன என்பது
மூன்று மணி நேரமாக எனக்குத் தெரியாது.
வெறும் பை மட்டும் கொடுத்திருந்தேன்.

"இறங்கியதுதான் இறங்கினாய்" என்று
செர்ரிப்பட்டைத் தூரிகையை நீட்டினார் மல்காஸ்.
"உன் தம்பி கொண்டுவந்த தெரு அழுக்கு.
நீயே தேய்த்துவிட்டு வா."
தேய்த்தாள்.
மண்ணுக்கடியிலிருந்து சர் சர் என்று சத்தம்,
நடுநடுவே
யாரோடோ பேசிக்கொள்கிற முணுமுணுப்பு.
போலந்துக்காரி ஒருத்தி
போட்டோ எடுக்கக் கைப்பேசியைத் தூக்கி,
ஏனோ எடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது மல்காஸ் சொன்னார்:
"இவள் கழுவியதை வசந்தத்தில் திறப்போம்.
அன்றைக்காவது பஸ்ஸில் வா."

ஏழாவது வளைவில் வேகத்தைக் குறைத்தேன்.
கண்ணாடியில் லிலே,
உள்ளங்காலைச் சீட்டின்மேல் அழுத்தி ஊன்றி,
கண் மூடாமல்,
ஒவ்வொரு திருப்பத்தையும் தானே திருப்புகிறவளைப்போல.
ஷியோ தூங்கிவிட்டான்.
ஒற்றைச் செருப்பில் தேன்மெழுகு வாசனை.
ஜன்னலைத் திறக்கவில்லை நான்.