முந்நூறு மணிகள்

புல்மோட்டைக் கரையில் மத்தியானம்
வெறுங்காலை வைக்க முடியாது.
கறுப்பு மணல் கச்சானையும் சேர்த்துக் குடித்துக்
கொதித்துக் கிடக்கும்.
ஊரார் அதற்கு வைத்த பேர் ஒன்றுதான்:
மண்.
'அவர் மண்ணுக்குப் போயிட்டார்' என்றால்
கூட்டுத்தாபனத்தில் வேலைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.
மட்டக்களப்பிலிருந்து வந்த மணப்பெண் ஒருத்தி
கேட்டுப் பதறியிருக்கிறாள்.

எனக்கு ஆய்வுகூடம், நுணுக்குக்காட்டி.
ஒரு சிட்டிகை அள்ளிக் கண்ணாடியில் பரப்பி
முந்நூறு மணி எண்ண வேண்டும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.

காந்தத்துக்கு வந்தால் இல்மனைட்.
உருசிய மலையொன்றின் பேர்
அரிசிமலைக் கடலில் உருண்டு கிடக்கிறது.
வராமல் சிவந்து மினுங்கினால் ரூட்டைல்,
லத்தீன்காரரின் சிவப்பு.
அனடேஸும் புரூக்கைட்டும் ரூட்டைலின் கூடப்பிறந்ததுகள்:
அதே டைட்டானியம், அதே ஒட்சிசன்,
கை கோத்த விதம் மட்டும் வேறு.
பத்து வருஷத்தில் புரூக்கைட் இரண்டு கண்டேன்.
ஒன்றைத் தும்மித் தொலைத்தேன்.

வில்லங்கம் லியூக்கொக்சீனோடு.
தண்ணீர் நக்கி நக்கி
இரும்பைக் கொண்டுபோன பிறகு மிஞ்சிய இல்மனைட்.
கறுப்புமில்லை சிவப்புமில்லை,
வெற்றிலை விட்டவரின் பல் நிறம்.
கிரேக்கத்தில் 'வெள்ளை விருந்தாளி' என்றார்கள்;
'வெள்ளை அந்நியன்' என்றும் சொல்லலாமாம்.
இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்.
வாசலில் நிற்கிறவர் எவரென்பது
கதவைத் திறக்கிறவரின் பாடு போல.

இந்த மாதம் கொழும்பிலிருந்து புதுப் படிவம்.
லியூக்கொக்சீனுக்குக் கட்டமில்லை.
"அது கனிமமே இல்லை, கலவை.
உலகப் பட்டியலிலயும் இல்லை" என்றார்
தொலைபேசியில் விக்னராசா. நல்ல மனிசன்,
சொன்னதும் சரிதான்.
"இல்மனைட்டில போடுங்கோ, இல்லாட்டி ரூட்டைலில.
ஒரு பக்கம் போடுங்கோ, நுஸ்ரத்."

நாற்பத்தொரு மணி மேசையில் மீந்து கிடந்தன.
ஊசிமுனையால் ஒன்றைப் புரட்டினேன்:
வெளியே வெளிறி, நடுவில் இன்னும் கறுப்பு.
எவ்வளவு போனால் பேரும் போகும்?

மின்காந்தத்தைப் போட்டேன்.
புள்ளி ஏழு அம்பியர்: இருபத்தேழு வந்து ஒட்டின.
புள்ளி ஐந்துக்கு இறக்கினேன்:
பதினாறு உதிர்ந்தன.
அசர் பாங்கு கேட்டது. பசி வேறு.
புள்ளி ஆறில் விட்டேன்.
ஒட்டியது இல்மனைட், ஒட்டாதது ரூட்டைல்.
கூட்டினால் முந்நூறு, பிசகில்லை,
கையொப்பமும் வைத்தாயிற்று.

குமிழ் எந்த இலக்கத்தில் நின்றது என்று கேட்கவும்
படிவத்தில் கட்டமில்லை.