இரண்டு மதிப்பெண் வினா

மேலிடத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
எந்தெந்தப் பாடங்களைக் கட்டாயமாக்கலாம்,
ஆசிரியர் கருத்து, வெள்ளிக்கிழமைக்குள்.
கட்டங்கள் சின்னவை,
'தமிழ்' என்று எழுதினாலே நிரம்பிவிடும்.
"எல்லாத்துக்கும் டிக் போட்டுக் குடுத்துடுங்க மேடம்"
என்கிறார் தலைமையாசிரியர்.

எர்ணாவூரில் எனக்குப் பதினொரு வருடம்.
பிளஸ் ஒன் பி பிரிவு, வேதியியல்.
வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பீரியட் அவர்களுக்கு.
இரண்டையும் நான்தான் வாங்கிக்கொள்வேன்.
தாமோதரன் சார் மறுப்பதில்லை.
விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணப் போய்விடுவார்.

அப்படி வாங்கிய ஒரு பீரியடில் கேட்டேன்:
அம்மோனியாவின் பண்புகள் இரண்டு எழுதுக.

நிரோஷா எழுதியிருந்தாள்:
ராத்திரியில் வரும்.
நாய்கள்தான் முதலில் இருமும்.

நானும் ஒரு முட்டை போட்டேன், சிவப்பு மையில்.
'பாடத்தைப் படி' என்று பக்கத்தில் எழுதியதாக ஞாபகம்.

மார்கழியில் ஒரு நாள், பன்னிரண்டரை மணி.
நாய்கள் இருமின.
காற்றைவிட லேசானது, நீரில் வெகுவாகக் கரையும்,
எல்லாம் தெரியும் எனக்கு.
தெரிந்துகொண்டே இருட்டில் செருப்பைத் தேடினேன்.

தெருமுனையில் பிளாஸ்டிக் குடத்துக்குள்
துப்பட்டாக்களை முக்கி முக்கி எடுத்து
வருகிறவர் மூக்கிலெல்லாம் கட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
முகம் தெரியவில்லை, குரல்தான்.
கட்சிக் கொடி எந்தப் பக்கம் படபடக்கிறதென்று
அண்ணாந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்:
"அந்தாண்ட ஓடாதீங்க மிஸ்,
காத்தும் அங்கதான் போவுது!"

பள்ளி திறந்ததும் அந்த விடைத்தாளைக் கேட்டேன்.
"அதுவா மிஸ்? அப்பவே கிழிச்சிட்டேன்.
எங்கம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

படிவத்தை விரித்து வைத்திருக்கிறேன்.
வேதியியல் வேண்டாமென்று எழுத மனம் வரவில்லை.
அந்த மதிலுக்கு உள்ளே
வால்வுக்குப் பொறுப்பாக இருந்தவரும்
இதே பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்.
அவருக்கு யாரும் கற்றுத் தராத ஒன்று
மதிலுக்கு வெளியே இருமிக்கொண்டிருந்தது.
அதற்கு என்ன பெயர் போட்டு
எந்தப் பீரியடில் வைப்பது?

கடைசியில் 'பிற' என்று ஒரு கட்டம்.
'காற்று' என்று எழுதினேன்.
கவிதை மாதிரி இருக்கிறது என்பார்கள்.
அடித்துவிட்டு,
'காற்றின் திசை' என்று எழுதினேன்.

தாமோதரன் சாரிடம்
ஒரு பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
இன்னொன்று என்னிடமே இருக்கிறது.
போர்ஷன் முடியவில்லை.