எழுபது கஜம்

நூற்று முப்பது டாலர்.
அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது என்று
வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டேன்.
கியர்பாக்ஸ் மாற்றிய ரசீது
இன்னும் கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறது.

ரூடி கங்காஸ் பெட்டியைத் திறந்து
விலை கூடியதிலிருந்து ஆரம்பித்தான்.
இருபத்துநாலு மடங்கு.
பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் மானின்
இமைமயிரை எண்ணலாம் என்றான்.

எங்கள் காட்டில் அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை, ரூடி.
ஹெம்லாக், அதன் பின்னால் சீடர்,
அதன் பின்னால் இருட்டு.
முப்பது வருடத்தில் நான் சுட்ட மிகத் தொலைவு
எழுபது கஜம்.
நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை
முன்னும் பின்னுமாய் ஐந்து நிறுத்தினால்
தீர்ந்துபோகிற தூரம்.

சிரித்தான். அவன் புருவத்தில் பிறை போல ஒரு தழும்பு,
மலிவு ஸ்கோப் ஒன்று உதைத்துப் போட்ட கையெழுத்து.
"கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
நாலு விரல் இடம் விடாததை
ஓசியில் கொடுத்தாலும் தொடாதே."

வாசலில் நின்று
எதிர்ச்சாரி தேவாலயப் பலகையைப் பார்த்தேன்.
ஒன்பது மடங்கில் ஒரே ஓர் எழுத்து,
அதுவும் என் மூச்சுக்கு ஆடியது.
நாலு மடங்கில் பலகை முழுக்க:
சனிக்கிழமை மீன் விருந்து, பெரியவர்களுக்குப் பதினாலு டாலர்.
அதன் கீழே பனி தள்ளிக்கொண்டிருந்த ஆள்,
அவர் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை.

இருட்டும் வரை இருக்கட்டுமா என்றேன்.
பகலில் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான்.
மான் வருவதோ அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில்.
ரூடி தோளைக் குலுக்கிவிட்டு
மூன்றைக் கொண்டுபோய் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்தான்.
எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தியதும்
ஒன்று உள்ளுக்குள்ளேயே வியர்த்தது.
அதைப் பேசாமல் அலமாரிக்குத் திருப்பி அனுப்பினோம்.

ஐந்தேகாலுக்குத் தெருவிளக்கு எரிவதற்கு முன்னால்
எண்பது டாலர் ஒன்பது மடங்கு கஞ்சியாய்க் கலங்கியது.
மற்றது, யாரோ விற்றுவிட்டுப் போன பழசு,
நாலே மடங்கு, திருகிப் பெரிதாக்க ஒன்றுமில்லை,
குழாயில் நீளமாய் ஒரு கீறல்.
பதினாலு டாலரை அது கடைசிவரை கைவிடவில்லை.

நூற்றுப்பத்து. வளையங்களுக்குப் பதினெட்டு.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
மிச்சம் இரண்டுக்கு ரூடியோடு காப்பி.
இத்தனை வருடம் இரும்புக் குறியோடு காலம் தள்ளியவனுக்கு
இப்போது என்ன வந்தது என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் குளிரைப் பற்றிப் பேசியிருப்பேன்.

போன நவம்பர்.
பின்னால் பள்ளம், முன்னால் மணி, அதற்கப்பால் மான்.
மூன்றும் மூன்று தூரம்.
ஐம்பத்திரண்டு வயதுக் கண்
ஒன்றைப் பிடித்தால் இரண்டை நழுவ விடுகிறது.
நான் மணியைப் பிடித்தேன்.
மான் ஒரு பழுப்புக் கறை.
கறையின் நடுவில் சுட்டேன்.

பனியில் முதலில் காசளவு சிவப்பு,
அப்புறம் மிளகளவு, கடுகளவு,
சதுப்பின் கரையில் அதுவும் இல்லை.
டார்ச் சாகும் வரை தேடினேன்.
விடிந்தபின் பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும்.
இரண்டு காகங்கள் கத்திய இடத்துக்கெல்லாம் போனேன்.
வீட்டில் ஐலாவிடம்
இந்த வருடம் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றேன்.

சமையல் மேசையில் பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஐலா ரசீதைப் படித்தாள். எவ்வளவு என்று கேட்கவில்லை.
ஸ்கோப்பைத் தூக்கி ஜன்னல் வழியே
துணிக்கொடியைப் பார்த்தாள், வெகுநேரம்,
கொடியில் ஒன்றுமே இல்லை.

"போன வருடமே வாங்கியிருக்கலாம்"
என்று சொல்லி என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

என் கையுறைகளைத் துவைப்பது அவள்தான்.