அங்கே நூற்றெழுபது

சாந்தா குரூஸிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவன்
தன் கேஜைத் தானே கொண்டுவந்திருந்தான்.
சிவப்பு ரப்பர் உறை, பித்தளைக் கழுத்து,
கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.
என்னுடையதில் முள்ளைப் பார்க்க
தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும்.

பெயர் ரோமுலோ ஹுஸ்தினியானோ.
கை கொடுத்தான்.
வெதுவெதுப்பான தாழ்நிலத்துக் கை.
எல் ஆல்ட்டோவில் காலை ஏழு மணிக்கு
யாருக்கும் அப்படிக் கை இருக்காது.

விற்கிற மினிபஸ் ஸெனோனுடையது.
ஸெனோன் என் முன்னாள் கணவன்.
போன வருஷத்துக் கியர்பாக்ஸுக்கு
எண்ணூறு பொலிவியானோ பாக்கி.
அதற்கு முந்தையது வேறு கணக்கு.

பிளக் நான்கையும் கழற்றினேன்.
பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிச்
சட்டைப் பையில் போட்டேன்.
ஸெனோன் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சாவியைத் திருப்ப
முள் துள்ளித் துள்ளி ஏறியது.
ஐம்பது, எண்பது, நூறு,
நூற்றெட்டு.
அங்கேயே நின்றது.
அடுத்தது நூற்றுப் பத்து.
அடுத்தது நூற்றேழு.
நாலாவதும் நூற்றெட்டு.

"செத்த எஞ்சின்" என்றான் ரோமுலோ.
"எங்கள் ஊரில் நூற்றெழுபதுக்குக் கீழே
நான் கையே வைப்பதில்லை."
கேட்ட விலையில் பாதி சொன்னான்.

ஸெனோன் என்னைப் பார்த்தான்.
எண் எதுவானாலும் என்னைத்தான் பார்ப்பான்.
விவாகரத்தன்று நீதிபதி வயதைக் கேட்டபோதும்
என்னைத்தான் பார்த்தான்.

நான் உடனே பேசவில்லை.
ஒத்துக்கொள்கிறேன்.
பாதி விலைக்குப் போனால்
அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்க்க
எனக்குக் கொஞ்ச நேரம் ஆசையாக இருந்தது.

முள் எந்த ஊரிலும் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது.
ஆனால் பூச்சியம் எல்லா ஊரிலும் ஒன்றில்லை.
கீழே அதன் தலைமேல்
ஒரு மலையளவு காற்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.
இங்கே பிஸ்டன் வாய் நிறைய இழுத்தாலும்
முக்கால் வாய்கூட வராது.
நாங்களும் அதைத்தான் இழுக்கிறோம்,
அதில்தான் சண்டையும் போடுகிறோம்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
"மாடியில் ஃபில்டர் பெட்டி ஒன்று இருக்கிறது,
எடுத்து வா" என்றேன்.
பதினான்கு படி.

போனான், வந்தான்,
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பழைய டயர்மேல் சரிந்தான்.
உதடு ஊதா. பேச்சு இல்லை,
ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினான்: இரு.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்.
"நூற்று முப்பத்திரண்டு" என்றேன்.
"எங்கள் ஊரில் நூறுக்கு மேலே
நான் கையே வைப்பதில்லை.
செத்த ஆள்."

முதலில் சிரித்தது ஸெனோன்.
ரோமுலோவுக்குச் சிரிக்க மூச்சு வரவேண்டியிருந்தது.

பிறகு மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு
இன்னொரு முறை சுற்றிக் காட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டு, அவ்வளவுதான்.
ரிங் தேய்ந்திருந்தால் முள் இன்னும் தாவியிருக்கும்.
"எண்ணைப் பார்க்காதே,
நாலும் ஒன்றாக நிற்கிறதா பார்."
அவன் நான்கையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்,
ஏதோ விலாசம்போல.

பேரம் முடிந்தது. முழு விலை இல்லை, பாதியும் இல்லை.
ஸெனோன் நோட்டுக்கட்டை என்னிடம் நீட்டினான்.
எண்ணினேன். எண்ணூறை எடுத்துக்கொண்டு
மீதியைக் கொடுத்தேன்.
சரிபார்க்கவில்லை.
எத்தனையோ விஷயத்தில் பொய் சொன்னவன்,
இதில் மட்டும் என்னை நம்புகிறான்.

ரோமுலோ தன் கேஜை உறையில் செருகினான்,
வால்வை அழுத்தாமலே.
முள் நூற்றுப் பன்னிரண்டைப் பிடித்தபடி
பைக்குள் போனது.

ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியைத் திருத்தினான்.
சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினான்.
சுற்றியது. பிடிக்கவில்லை.
மறுபடி சுற்றியது.
மறுபடியும்.
இறங்கிவந்து என்னைப் பார்த்தான்.
ஸெனோனும் என்னைப் பார்த்தான்.
நான் எஞ்சினைப் பார்த்தேன்.

அப்புறம்தான்
சட்டைப் பைக்குள் கை போயிற்று.
ஃபியூஸ் வெதுவெதுப்பாக இருந்தது.