மொகாரா

முதல் பாகத்துல அது வெறும் பெட்டி.
மூணாவதுல முகம் வெச்சாங்க,
எருமை குனிஞ்சு பாக்கற மாதிரி.
இப்ப வந்த அஞ்சாவதுல
மழையில நனைஞ்சா பானட் மினுங்குது,
சேத்துல இறக்குனா சக்கரம் மட்டும் அழுக்காகுது.
பேரை மாத்தலை. மொகாரா.
அப்படியொரு கம்பெனி எந்த நாட்டுலயும் கிடையாது,
அதனால தவணையும் கிடையாது.

என்ற பொழப்பு தவணையில.
பைனான்ஸ்காரர் அனுப்பற லிஸ்ட்டோட
அவிநாசி, அன்னூர், கருமத்தம்பட்டின்னு சுத்தி
மூணு மாசம் கட்டாத வண்டியத் தூக்கறது.
சீஸிங்காரன்னு சொல்லுவாங்க.
அதைவிட மோசமாவும் சொல்லுவாங்க.

விளையாட்டுல முக்கோணத்தை அமுக்குனாப் போதும்,
கதவு திறக்கும், உள்ள இருக்கறவன் ரோட்டுல விழுவான்,
எந்திரிச்சுத் திட்டிக்கிட்டே நடந்து போயிருவான்.
எங்க போவான்?
அவனுக்கு வீடு யாரும் வரையலை.

சோமனூர் தெய்வசிகாமணி அப்படி விழலை.
எட்டுத் தறி. நாலுதான் ஓடுது.
"கூலி வந்துருமுங்க, பதினஞ்சே நாளு."
போன மாசமும் இதேதான்னு லிஸ்ட்டுல குறிப்பு இருக்கு.
கொத்துல இருந்து வீட்டுச் சாவியக் கழட்ட
அவரால முடியலை,
அன்னைக்குன்னு நகம் வெட்டியிருந்தாரு.
நாந்தான் கழட்டிக் குடுத்தேன்.

வெள்ளை வண்டி, ஏழு சீட்டு.
பின்கண்ணாடியில அங்காளம்மன் துணை, பாதி உரிஞ்சு.
தெக்கலூர் தாண்டையில ஸ்டீயரிங்
இடது பக்கம் இழுத்துச்சு.
அவரு கையி அதுக்குப் பழகியிருக்கும்.
மொகாரா எந்தப் பக்கமும் இழுக்காது.

பெருமாநல்லூர் யார்டுல பட்டியல் எழுதோணும், விதி.
ஜாக்கி ஒண்ணு.
ஸ்டெப்னி ஒண்ணு, வழுக்கை.
டேஷ்போர்டு டப்பாவுல
டோல்கேட் ரசீது, காஞ்ச எலுமிச்சங்காய்,
இருமல் மருந்து பாதி பாட்டில்,
சுருட்டி வெச்ச பாவு நூல்,
ஒரு கருப்பு ஷூ, சின்னது, வலது கால்.
எல்லாத்துக்கும் சேத்து "இதர"ன்னு எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
கையெழுத்துக்கு அப்புறம் ஒரு ஆணிகூட வெளிய போகக் கூடாது.

ராத்திரி, அனுப்பர்பாளையம் ரூம்.
மொகாராவ மலைக்கு ஏத்துனேன்.
உச்சியில நிறுத்திக் கேமராவ உள்ள திருப்புனா
சீட்டுத் தையல் தெரியுது,
ஏசி ஓட்டைக்கு வரி வரியாத் தெரியுது,
டேஷ்போர்டு டப்பாவுக்குச் சுத்தியும் ஒரு கோடு,
ஒரு பிடி.
திறக்கறதுக்குப் பட்டன் தேடுனேன்.
வட்டம், சதுரம், மேல, கீழ.
வைப்பர் ஓடுச்சு. ஹார்ன் அடிச்சுது.
ஒருக்காத் துப்பாக்கிய எடுத்துட்டான்.
டப்பா திறக்கலை.
அஞ்சு பாகம், பதினெட்டு வருசம்,
எத்தனை பேரு உக்காந்து வரைஞ்சிருப்பாங்க,
உள்ள வெக்கறதுக்கு ஒருத்தனுக்கும் ஒண்ணும் தோணலை.

அங்கயும் யார்டு இருக்குது.
நானூறு டாலர் கட்டுனா
வண்டி பளபளன்னு வெளிய வந்துரும்,
வாட்ச்மேன் ஏன்னு கேக்க மாட்டான்.

பத்தேகாலுக்குப் போன்.
"கோகிலவாணிங்க, சோமனூருங்க."
திட்டப் போறாங்கன்னு சவுண்டைக் குறைச்சேன்.
வண்டியப் பத்திப் பேசவே இல்லை.
"பாப்பாவோட ஷூ ஒண்ணு அதுல இருக்குதுங்க.
நாளைக்கு விடியால பள்ளிக்கூடத்துல பரேடு."
"வலது காலுங்களா?"ன்னேன்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
ஒரு தறி மட்டும் ஓடற சத்தம்.
அப்புறம், "ஆமாங்க."

பைக் சாவியத் தேடறேன்.
"இதர"வ அடிச்சுட்டு மறுபடி ஒண்ணொண்ணா எழுதோணும்,
எழுதையில ஒண்ணு குறையோணும்.
டிவியில நிறுத்த மறந்துட்டேன்.
மலை உச்சியில மொகாரா,
கதவு திறந்து, லைட்டு எரிஞ்சு,
எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்குது.
இருக்கட்டும்.
அங்க டீசல் தீராது.