கடைசி இடத்துக்கான கோப்பை

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட், எங்கள் கராஜ்.
மின்சாரம் வர இன்னும் நாற்பது நிமிடம்.
நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில்
கட்டைவிரல் உயரக் கோப்பைகள்.

முதல் பரிசு பழைய ஸ்பார்க் பிளக்,
மேலே பொன் ஸ்பிரே.
இரண்டாவது, சோடா மூடிகள், நடுவே ஒரு திருகாணி.
மூன்றாவதில் என் அவசரம் தெரியும்.

கடைசியாக வருபவருக்குத்தான்
மூன்று இரவுகள் போயின:
எப்பாக்ஸிக் களிமண்ணில் ஒரு சிப்பாய்,
கவிழ்ந்த தேர்மேல் உட்கார்ந்து
பன்னி சாவ் தின்கிறான்.
ரொட்டிக் குழிக்குள் உருளைக்கிழங்குகூட உண்டு,
ஊசிமுனையால் வைத்தது.

சனிக்கிழமை நான்கையும் மேசையில் வைத்தேன்.
ஸ்பார்க் பிளக்கை ஒருவரும் தொடவில்லை.
குபேன் தன் படையைச் சதுப்புக்குள் நடத்தினான்.
லோகாஷ்னி கோட்டைக் கதவைத் திறந்துபோட்டு
தேநீர் குடிக்கப் போனாள்.
அரைப் புள்ளிக்கும் சண்டை போடும் படையாச்சி
"தோற்பதற்கும் விதி எழுதுங்கப்பா" என்றார்.

பகடை மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.
குபேனுக்கு ஆறு, ஆறு, மறுபடி ஆறு.
கோப்பை வாங்கியபோது அவன் முகத்தை
நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சிப்பாயா?
என் அலமாரியில்தான் இருக்கிறான்,
இன்னும் தின்று முடிக்கவில்லை.
சத்தியமாக, நான்
ஜெயிக்கத்தான் ஆடினேன்.